மூன்றாம் துளை மண்

“அக்கா, அடியில இருக்கிற மண்ணு தண்ணிய விடுமா? பம்பு வைக்கணுமா?”

பள்ளம் தோண்டும் வேலைக்குப் போகுமுன் ஒருத்தியிடம் அவள் தம்பி கேட்டது இது. அவள் என் தோழியின் சித்தி. மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கட்டடம் எழும்பும் இடத்தில் துளை போட்டு மண் எடுத்து வருவார்கள். அதன் தலையில் கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, நீர் ஊற்றி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று ராவெல்லாம் பார்த்து எழுத வேண்டும். தம்பி தோண்டப்போகும் இடத்து மூன்றாம் துளைக்கு அவள் கண்விழிக்கவில்லை. இரண்டாம் துளையின் கணக்கையே போட்டுவிட்டாள்.

“களிமண்ணுடா. சொட்டுகூட கசியாது.”

பம்பு வைக்கவில்லை. பள்ளத்தின் அடியைப் பிய்த்துக்கொண்டு தண்ணீரும் மணலும் பொங்கின. தம்பியை வெளியே எடுத்தபோது வாய் நிறைய மணல்.

விசாரணை வந்தது. மூன்றாம் துளையின் மிச்ச மண்ணைத் திரும்பச் சோதிக்கச் சொன்னார்கள். முதலாளி போனில் சிரித்தார். “பழைய நம்பரையே எழுதிடும்மா. செத்தவன் வந்து கேக்கவா போறான்?”

அன்று இரவு பதினொன்றரை... ஊருக்கு வெளியே, ஆளரவமே இல்லாத சாலை. கூடத்தில் அவளும், பெஞ்சில் தூங்கும் நாலு வயது மகளும்தான். முன்பெல்லாம் பிள்ளையை மாமன் பார்த்துக்கொள்வான்.

நீர் ஊற்றினாள். களிமண்ணென்றால் விடியும்வரை அசையாது. மணலென்றால் ஒரே சீராக இறங்கும். இது... மடக். கொஞ்சம் நின்று... மடக். யாரோ விழுங்குவதுபோல.

சேறும் பீடியும் கலந்த வாடை. தம்பியின் சட்டை வாடை.

இருங்கள், கதை முடியவில்லை, விளக்கைப் போடாதீர்கள்.

“யாரும்மா தண்ணி குடிக்கிறா?” மகள் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

“ஒருத்தரும் இல்ல. படுடி.”

“மாமாவுக்குத் தண்ணி போதுமாம், அம்மா. நெசத்த எழுதச் சொல்றாரு.”

உண்மையை எழுதினால் ஜெயில். பேனாவை எடுத்தாள். கை நடுங்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். பழைய நம்பரையே எழுதி, கையெழுத்தும் போட்டாள்.

சத்தம் நின்றது. வாடையும் போனது. அப்பாடா என்று நிமிர்ந்தாள்.

மகள் பெஞ்சிலிருந்து இறங்கியிருந்தாள். வலது கை மட்டும் மேலே தூக்கியிருந்தது... பெரியவர் விரலைப் பிடித்து நடக்கும் பிள்ளைக்கு இருக்குமே, அப்படி.

“எங்கடி போற? ஏய்... செல்லம்... இங்க வாடி!”

தாய் எழப் பார்த்தாள். முட்டிவரை மணலில் புதைந்தாற்போல் கால் நகரவில்லை.

கதவு திறந்தது. பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை. தூக்கிய கையோடு இருட்டுக்குள் இறங்கிப் போனாள்.