இரண்டு விசில்

குதிரை உலகத்துக்கு மிக முக்கியமான அறிவிப்பு ஒன்று. தொப்பியைக் கழற்றிவிட்டுக் கேட்டால் நல்லது. லைமன் காஸ் ஆகிய நான், நடுவர் நாற்காலியில் உட்கார்ந்த காலம் முழுவதும், எந்தக் குதிரைக்கும் அரைப் புள்ளி கூட்டிப் போட்டதில்லை, குறைத்தும் போட்டதில்லை.

விசாரணைக் குழு என்று மூன்று பேர் வந்திருக்கிறீர்கள். மூவர் இடுப்பிலும் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வெள்ளி பக்கிள். கேட்டதோ ஒரே கேள்வி. பதில் சொல்கிறேன். அதற்கு பலோமாவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பலோமா நான் பழக்கிய பெட்டைக் குதிரை. அவள் வாயில் நான் அவசரப்பட்டு இரும்பு வைக்கவில்லை. வெகுகாலம் மூக்கின் மேல் தோல் வளையம் மட்டும்தான். கடிவாளம் கடைசியில்தான் வந்தது. நெவாடாவில் இப்படிப் பழக்குவதாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் ஏராளம். விசில் கேட்டால் எந்த ஓட்டத்திலும் அப்படியே நின்று மூச்சு விட வேண்டும் என்று அவளுக்குக் கற்றுக் கொடுத்தேன். மற்றவர்களின் குதிரைகள் விசிலுக்குப் பிறகும் மாட்டைத் துரத்திக்கொண்டு போகும்.

அவளுடைய சொந்தக்காரர் ப்ரூயிட், ரீனோவில் பல் டாக்டர். ஒருநாள் டிரெய்லரோடு வந்து நின்றார்.

"லைமன், உங்ககிட்ட இருந்தா குதிரை தவம்தான் பண்ணும். எனக்குக் கோப்பை வேணும்."

பலோமா, க்ளே அராம்பெல் என்ற இளம் பயிற்சியாளனின் லாயத்துக்குப் போனாள். அடுத்த பருவத்திலேயே ஜெயிக்கத் தொடங்கினாள். அவள் நெற்றியில் க்ளே முத்தம் கொடுப்பது போலப் பத்திரிகையில் படம் வந்தது. நன்றாகத்தான் இருந்தது. அவள் கண் மட்டும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது.

நான் பழக்கிய குதிரைக்கு நானே நடுவராக இருக்கலாமா என்று கேட்பீர்கள். விதிப்படி போதிய காலம் கடந்துவிட்டது. விதியை எழுதியது நீங்கள்.

மாவட்டச் சந்தையில் போட்டி. காலையில் காப்பி வண்டியருகே க்ளே நின்றிருந்தான். சுற்றிலும் அவன் கூட்டம்.

"என்ன பெருசு, வருஷக்கணக்கா அவளுக்கு நடக்கக் கத்துக்கொடுத்தியாமே? நான் ஓடக் கத்துக்கொடுத்துட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காப்பியைக் குடித்துவிட்டு, அன்றைக்கு விடப்போகும் மாடுகளைப் பார்க்கப் பட்டிக்குப் போனேன். அது நடுவரின் வேலை.

மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று ஆட்டத்தைச் சொல்கிறேன். ஒருவருக்கு ஒரு மாடு. மைதானத்தின் ஒரு முனையில் அதை மறித்து நிறுத்திக் காட்ட வேண்டும். பிறகு வேலியோரம் ஓடவிட்டு, முந்திப் போய்த் திருப்ப வேண்டும். மாடு சரியில்லை என்றால் நடுவர் இரண்டு முறை விசில் ஊதுவார். வேறு மாடு வரும். ஓட்டுகிறவன் வாய் திறந்து கேட்கக் கூடாது. பாதியில் விலகினால் பூஜ்யம். அவனால் முடிந்தது ஒன்றுதான்: நடுவர் மேடையைப் பார்க்கலாம்.

அன்று காலையில் நான் பலருக்கு ஊதினேன். ஓட மறுத்த மாடு, நொண்டிய மாடு, வேலியைத் தாண்டப் பார்த்த மாடு. கிழவர் டில்டனுக்கு மாடு சோம்பேறி என்பதற்காகவே ஊதினேன். இதையெல்லாம் விசாரித்துத்தான் வந்திருக்கிறீர்கள், தெரியும்.

க்ளேவுக்குச் செவலைக் கிடேரி வந்தது. வலப்பக்கம் மறித்தால் திரும்பியது. இடப்பக்கம் மறித்தால் அங்கே குதிரையே இல்லை என்பது போல பலோமாவின் நெஞ்சில் வந்து மோதியது. மதிப்பெண் எழுத என் பக்கத்தில் இருந்த நார்மா பேனாவை நிறுத்தினாள்.

"லைமன், அதுக்கு ஒரு கண்ணு வெள்ளையாத் தெரியலை?"

"வெயில், நார்மா."

க்ளே மேடையைப் பார்த்தான். விசில் என் பல்லிடுக்கில் இருந்தது. அவனுக்கு நான் உதவி செய்தால் அது பாரபட்சம் ஆகாதா? இன்றைக்கும் என் எண்ணம் அதுதான்.

கிடேரியை வேலியோரம் விட்டான். வேலி அதன் வலப்பக்கம், குதிரை இடப்பக்கம். பலோமா காதை மடக்கி வேகத்தைக் குறைத்தாள். பார்த்து, யோசித்து ஓடுவது நான் சொல்லிக் கொடுத்தது. க்ளே பூட்ஸின் குதிமுள்ளால் குத்தினான். அது அவன் சொல்லிக் கொடுத்தது. அவள் முந்தினாள். கிடேரி திரும்பவில்லை, நேராக அவள் முன்னங்கால்களுக்குள் புகுந்தது.

க்ளே இனி குதிரை ஏற மாட்டான் என்கிறார்கள். இளைஞன்தான், வேறு தொழில் கற்றுக்கொள்ளலாம். பலோமாவுக்கு முன்னங்கால்கள் இரண்டும் போய்விட்டன. எழுந்திருக்கப் பார்த்துப் பார்த்து விழுந்தாள். அவள் அடியில் அவன் கிடந்தான். பக்கத்தில் போக யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

அப்போதுதான் ஊதினேன். இரண்டு விசில், விதிப்படி. துடித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று அடங்கினாள். தலையை மண்ணில் வைத்து மூச்சு விட்டாள். எத்தனை பேர் பார்த்தார்கள். இவ்வளவு நன்றாகப் பழகிய குதிரையை உங்களில் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். மிருக வைத்தியர் ஊசியோடு வரும்வரை அவள் அசையவில்லை.

நார்மா அழுதுகொண்டே என்ன எழுத வேண்டும் என்று கேட்டாள். குதிரை விழுந்தால் பூஜ்யம். பூஜ்யம் என்றேன். அதில் அரைப் புள்ளி பிழை கண்டுபிடியுங்கள் பார்க்கலாம்.

உங்கள் கேள்விக்குப் பதில்: பட்டிக்காரன் காலையிலேயே அந்தக் கிடேரியைக் காட்டி, இடது கண் தெரியாது, ஒதுக்கிவிடட்டுமா என்று கேட்டான். இருக்கட்டும் என்றேன்.