நெடுந்தீவின் இறைமை

காற்று எழும்பினால் எனக்கு இன்னும் அந்தப் பேச்சுக் கேட்கும். அன்று காற்று அடங்கும்வரை நெடுந்தீவு வள்ளம் புறப்படாமல் துறையில் கிடந்தது. வள்ளத்தில் எனக்கு முன்னால் இரண்டு மாணவிகள் குடியியல் சோதினைக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

“நெடுந்தீவும் ஒரு அரசுதானடி,” என்றாள் ஒருத்தி.

“விசரி! அரசுக்கு என்னென்ன வேணும்? சொல்லு பாப்பம்,” என்றாள் மற்றவள்.

“நிலப்பரப்பு, மக்கள், அரசாங்கம், இறைமை.”

“எங்களிட்டை இறைமை எங்கை கிடக்கு?”

“வள்ளக்காரரிட்டை. அவர் மனம்வைச்சால்தானே நாங்கள் வீட்டை போகலாம்!”

வள்ளக்காரருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து ஓய்ந்ததும் முதலாமவள் மெதுவாகச் சொன்னாள்: “சோதினை முடிய நாங்கள் குடும்பத்தோடை கொழும்புக்குப் போறம். அப்பா மாடுகளையும் வித்திட்டார்.”

மற்றவள் புத்தகத்தை மூடினாள்.

“எல்லாரும் வெளிக்கிட்டுப் போங்கோ. நான் ஒராள் நிண்டாலும் மக்கள் எண்டு எழுதலாமோ?”