பாசி கழுவிய கை

கடற்பாசியை வாங்கிவந்த கையோடு கடல்மீன் தொட்டியில் போடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, அவசரக்காரர்கள். பாசியை முதலில் வெள்ளைத் தட்டில் பரப்பி, விளக்கைச் சாய்த்துப் பிடித்து, இழை இழையாகப் பிரிக்க வேண்டும். அழுகியதைக் கிள்ளி எறிய வேண்டும். உப்புத்தண்ணீரில் அலசி, நல்ல தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுத்தால் ஒளிந்திருக்கும் புழுவும் பொடி நண்டும் உதிரும். அதன்பிறகு, மீனில்லாத தனி வாளியில் நாற்பத்தைந்து நாள் வைத்தால்தான் மீனுக்கு நோய் தரும் கிருமி சாகும். நீங்கள் கேட்டது இதுவல்ல என்று தெரியும். ஆனால் இதைச் சொல்லாமல் அண்ணனைப் பற்றிச் சொல்ல முடியாது.

நான் மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கிறவன். அண்ணன் பஸ் ஓட்டியவர். ஈரல் கெட்டு வேலையை விட்டபின், இரண்டு வருடங்களுக்கு முன் அண்ணியோடு என் வீட்டுக்கு வந்தார். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. மாடி அறை சும்மாதான் கிடந்தது. ஒரே வாரத்தில் தெருவே அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. பதினைந்து வருடமாக அங்கே குடியிருந்த நான் 'பஸ்காரர் தம்பி' ஆனேன்.

வருகிறவர்களிடமெல்லாம் என் வாளியைக் காட்டுவார். "எங்க வீட்டுக்கு விருந்தாளி வந்தா நேரா ஹாலுக்கு வரலாம். பாசி வந்தா மட்டும் நாப்பத்தஞ்சு நாள் வெளியில நிக்கணும். எங்க புரொஃபசர் உத்தரவு." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன்.

என் பிறந்தநாளுக்கு அவர் ஒரு பை நிறையச் சிவப்புப் பாசி வாங்கிவந்தார். நான் வேலையிலிருந்து திரும்புவதற்குள் அதைத் தொட்டிக்குள் போட்டிருந்தார். அழகாகத்தான் இருந்தது. ஐந்தாம் நாள் மீன்களின் செதிலில் வெள்ளைப் புள்ளிகள். பத்தாம் நாளுக்குள் பதினொரு மீனும் போய்விட்டன. அதில் ஒரு மஞ்சள் மீன் ஒன்பது வருடம் என் விரலிலிருந்து தீனி வாங்கித் தின்றது. கடைசியாக அதை அள்ளி எடுத்தபோது அண்ணன் என் தோளைத் தட்டினார்.

"ஆசையா வாங்கிட்டு வந்தேன்டா. விடு, மீன்தானே. வேற வாங்கிக்கலாம்."

அண்ணி தலையாட்டினார். எனக்கு வயிறெரிந்தது. அதை நான் மறைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மூன்று மாதம் கழித்து அவரை டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். அண்ணன் வெளியே நர்சுகளிடம் கதையளந்துகொண்டிருந்தார். டாக்டர் என்னிடம் சொன்னார்: "இவர் ஈரல் இருக்கிற நிலைமையில கடல் தண்ணி ஆகாது. கையில சின்னக் காயம் இருந்தாக்கூட அதுல இறங்கக் கூடாது. கிருமி ஏறினா ரெண்டு நாள்ல ஆளையே முடிச்சிடும். அவர்கிட்ட சொன்னா சிரிச்சிட்டுப் போயிடுவார், நீங்க பாத்துக்குங்க."

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அப்போது எனக்கு எந்த எண்ணமும் இருக்கவில்லை. மறந்துவிட்டேன் என்றும் சொல்ல மாட்டேன்.

தொட்டியில் மறுபடி மீன் விட்டு ஓரிரு மாதம் ஆகியிருந்தது. மீனவர் ஒருவர் கடலோரப் பாறையிலிருந்து பாசி பறித்து, கடல் தண்ணீரோடு ஒரு வாளியில் கொடுத்தனுப்பினார். அண்ணன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"இந்தத் தடவை நானே கழுவித் தர்றேன்டா. உன் முறைப்படியே. அந்தப் பாவம் கழியட்டும்."

அதற்கு முதல்நாள் தகர டப்பாவைத் திறந்தபோது மூடி கீறி, அவருடைய கட்டைவிரலில் நல்ல வெட்டு. அதைத் தூக்கிக் காட்டினார். "இந்தக் கையோட பண்ணலாமாடா?"

பாசியைப் பிரிக்கும்போது போடும் ரப்பர் கையுறைகள் என் பின்னால் ஆணியில் தொங்கின.

"ஒண்ணும் ஆகாதுண்ணே," என்றேன். "உப்புத்தண்ணிதானே, சீக்கிரம் ஆறிடும்."

இரண்டு மணி நேரம் கழுவினார். என்னைவிடப் பொறுமையாகவே செய்தார் என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு இழையாகத் தூக்கி, "இது தேறுமா பாரு" என்று கேட்டார். தேறியதைத் தனி வாளியில் போட்டு, மூடியில் தேதி எழுதினேன்.

மறுநாள் காலையில் கை முழங்கைவரை வீங்கிக் கறுத்திருந்தது. மருத்துவமனையில் அண்ணி படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார். அண்ணனுக்கு நினைவு தப்பிவிட்டிருந்தது. அங்கே இருந்த டாக்டர் வேறொருவர், இளம்பெண். என்னிடம் நேராகக் கேட்டார்: "கடல் தண்ணியில கை வெச்சாரா? அது தெரிஞ்சா உடனே வேற மருந்து குடுக்கணும்."

அவர் கண்ணாடி மூக்கில் கொஞ்சம் சரிந்திருந்தது. அதைச் சரிசெய்து கொடுக்கலாமா என்று தோன்றியது.

"இல்ல டாக்டர். தகர மூடி கிழிச்சதுதான்," என்றேன்.

அடுத்த நாள் மாலை அண்ணன் போய்விட்டார். ரத்தப் பரிசோதனையில் எந்தக் கிருமி என்று பிறகு தெரிந்தது. பாசி கழுவியதை அண்ணி சொன்னார். பழைய டாக்டர் என்னிடம் சொன்னது அவருடைய குறிப்பிலேயே இருந்தது. அதனால்தான் இங்கே ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறேன். அண்ணி இப்போது என் முகத்தில் விழிப்பதில்லை. அவருக்கு என்மேல் கோபம் இருப்பது நியாயம்தான். ஆனால் அன்று தலையாட்டியது அவருக்கு ஞாபகம் இருக்குமா என்று தெரியவில்லை.

நீங்கள் எழுதிய வாக்குமூலத்தைப் படித்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது, கையெழுத்துப் போடுகிறேன். மூன்றாம் வரியில் மட்டும் 'கவனக்குறைவால்' என்று இருக்கிறது. அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள். அண்ணன்தான் அப்படிப்பட்டவர்.