எல்லாரும் காத்திருக்கிற இடம்

டார்யா: துண்டை நல்லா மூடிக்கோ அக்கா. ஆவியெல்லாம் வெளியே போகுது.

லெஸ்யா: மூச்சு முட்டுதுடி.

டார்யா: முட்டட்டும். உள்ளே இழு... இன்னும்... பேசாதே.

லெஸ்யா: நீதான் பேச்சுக் குடுக்கறே.

டார்யா: நான் பேசலாம். என் தொண்டை நல்லா இருக்கு.

லெஸ்யா: ஆமாமா. உன் தொண்டைக்கு என்னிக்கு என்ன வந்துச்சு?

டார்யா: குத்தலா?

லெஸ்யா: குத்தல் என்ன, உள்ளதைச் சொன்னேன். அந்த ஜன்னலைச் சாத்து. அருவிச் சத்தம் மண்டைக்குள்ள இடிக்குது.

டார்யா: சாத்தித்தான் இருக்கு. ஆசையா அருவி பாத்த ரூமாக் குடுத்திருக்காங்க, உனக்கு அது இடிக்குதா?

லெஸ்யா: தேனிலவுக்கு வர்றவங்களுக்கு அருவி. சாயங்காலம் மேடையேறப் போறவளுக்கு எதுக்கு?

டார்யா: கீழே வாசல்ல உன் படத்தைப் பாத்தியா? பஸ் உசரத்துக்கு வெச்சிருக்காங்க. மேல உன் மேடைப் பேரு, 'லெஸ்லி ஹார்ட்.' சூதாட்ட மெஷின்களுக்கு நடுவுல நின்னு சிரிக்கறே.

லெஸ்யா: பாத்தேன். யாரோ நல்லாத் தூங்கி எழுந்த பொண்ணு மாதிரி இருந்துச்சு. யார் பெத்ததோன்னு... ஐயோ... தண்ணி... தண்ணி குடு...

டார்யா: மெதுவா. மெதுவா இருமு. இந்தா... அக்கா, துண்டுல என்ன செவப்பா?

லெஸ்யா: பீட்ரூட். மத்தியானம் சூப் குடிச்சேனே.

டார்யா: நீ குடிச்சது கோழி சூப். நான்தான் வாங்கிட்டு வந்தேன்.

லெஸ்யா: துண்டைக் குடு, நானே அலசிக்கறேன்.

டார்யா: டாக்டரம்மா என்ன சொன்னாங்க?

லெஸ்யா: வயசாயிடுச்சுன்னாங்க.

டார்யா: அதைச் சொல்ல மூக்கு வழியா கேமராவை விட்டுப் பாக்கணுமா? நேத்து பூரா கேட்டுட்டேன். இன்னிக்கும் மழுப்பினா நான் அவங்களுக்கே ஃபோன் போடுவேன்.

லெஸ்யா: போடு. உன்கிட்ட ஒண்ணும் சொல்லக் கூடாதுன்னு அவங்ககிட்ட சொல்லியிருக்கேன்... சரி சரி, ஃபோனைக் கீழே வை. குரல் நாண்ல ரத்தம் கட்டியிருக்காம். கொப்புளம் மாதிரி. ஆபரேஷன் பண்ணிக் கிள்ளி எடுத்துடலாமாம்.

டார்யா: எடுக்கற வரைக்கும்?

லெஸ்யா: கத்தக் கூடாது.

டார்யா: கத்தினா?

லெஸ்யா: உடையும்.

டார்யா: உடைஞ்சா?

லெஸ்யா: நீ டாக்டரம்மாவை விட மோசமா கேள்வி கேக்கறே. உடைஞ்சா அப்புறம் பேசினாலும் காத்துதான் வருமாம். போதுமா?

டார்யா: இதைத் தெரிஞ்சுக்கிட்டா இன்னிக்குப் பாட வந்தே?

லெஸ்யா: ஹாமில்டன்லேருந்து பஸ் பஸ்ஸா கிளம்பி வராங்கடி. நம்ம சர்ச் ஆளுங்க, அப்பா கூட இரும்பு ஆலையில வேலை பாத்தவங்க... வந்து உக்காந்ததும், தொண்டை சரியில்ல, திரும்பிப் போங்கன்னு சொல்லவா?

டார்யா: பாடு. வேண்டாங்கல. மெதுவான பாட்டெல்லாம் பாடு. அந்தப் பாட்டை மட்டும் விட்டுடு.

லெஸ்யா: அந்தப் பாட்டுக்குத்தானே வராங்க. மத்ததெல்லாம் அவங்க பீர் வாங்க எழுந்து போற நேரம்.

டார்யா: அப்ப பாட்டைப் பாடு. குரல் உச்சிக்குப் போற அந்த ஏத்தத்தை விட்டுடு. கீழேயே நில்லு.

லெஸ்யா: 'மழை விட்டதும் வா'வுல அந்த ஏத்தத்தை எடுத்துட்டா என்ன மிஞ்சும்? ஒரு பொண்ணு வாசல்ல நின்னு யாரையோ கூப்பிடறா. அவ்வளவுதான். அதை நம்ம பக்கத்து வீட்டுக்காரி தினமும் பண்ணினா.

டார்யா: சிரிப்பு வரல எனக்கு.

கோர்டி: உள்ள வரலாமா? தொந்தரவு பண்ணல, ஒரு நிமிஷம்தான்.

லெஸ்யா: வாங்க கோர்டி. டூர் மேனேஜர் கதவு தட்டினா எந்த நிமிஷம் ஒரு நிமிஷமா இருந்துருக்கு?

கோர்டி: குரல் கொஞ்சம் கரகரன்னு...

டார்யா: ஆவி பிடிச்சிட்டிருக்கா. அப்படித்தான் இருக்கும். சொல்லுங்க.

கோர்டி: டிக்கெட்டெல்லாம் வித்துடுச்சுங்க. ஒரு சீட்டு இல்ல. சட்பரிலேருந்து ஒரு ஜோடி வந்திருக்காங்க. அவங்க கல்யாணத்துல முதல் டான்ஸுக்கு உங்க பாட்டுதானாம். மேடைக்குப் பக்கத்துல எடம் போட்டு வெச்சிருக்கேன்.

லெஸ்யா: இன்னும் சேர்ந்துதான் இருக்காங்களா? என்னை விடத் தேவலை.

கோர்டி: அப்புறம் விளக்குக்காரர் கேக்கறாரு... அந்த எடம் வரும்போது எல்லாத்தையும் அணைச்சுட்டு உங்க மேல மட்டும் ஒத்தை வெளிச்சம் அடிக்கலாமான்னு. எல்லாரும் காத்திருக்கற எடமாச்சே.

லெஸ்யா: அடிக்கட்டும்.

டார்யா: அதை அப்புறம் சொல்றோம் கோர்டி.

கோர்டி: அவங்க சரின்னுட்டாங்களே.

டார்யா: நான் அப்புறம்னு சொல்றேன்ல.

கோர்டி: சரிங்க... சரி. மைக், சத்தமெல்லாம் சரி பாக்க எப்ப வர்றீங்கன்னு ஃபோன் பண்ணுங்க.

லெஸ்யா: பாவம், அவரைப் போய் ஏன் கடிக்கறே?

டார்யா: உன்னைக் கடிக்க முடியல, அதான். அக்கா, ஒண்ணு சொல்றேன், கோவப்படாம கேளு. ரெக்கார்டைப் போட்டுட்டு வாயசைச்சா என்ன? அந்த எடத்துக்கு மட்டும். இன்னிக்கு எல்லாரும் பண்றாங்க.

லெஸ்யா: முடியாது.

டார்யா: டிவியில பண்ணினியே.

லெஸ்யா: மான்ட்ரியல்ல. ஒரே ஒரு தடவை. அது முடிஞ்சு குளியலறைக்குள்ள போய் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டேன், ஞாபகம் இருக்கா? நீ வெளியே நின்னு கதவைத் தட்டினே.

டார்யா: சாப்பாடு ஒத்துக்கலன்னு சொன்னே.

லெஸ்யா: வேற என்னத்தைச் சொல்ல? என் வாயைத் திறந்தா உள்ளேருந்து வேற யாரோ பாடற மாதிரி இருந்துச்சு. வேற எந்தப் பாட்டுக்கும் அசைக்கறேன். அதுக்கு மாட்டேன்.

டார்யா: சரி, விடு.

லெஸ்யா: என்ன, திடீர்னு விட்டுட்டே?

டார்யா: ஒண்ணுமில்ல. தண்ணி ஆறிடுச்சு. மாத்தறேன்.

லெஸ்யா: வேண்டாம், உக்காரு. காலை நீட்டிக்கறேன்... அப்பாடா. இந்தக் கால் எத்தனை மேடை பாத்துச்சு! டோக்கியோவுல குதிகால் செருப்பு உடைஞ்சு ஒத்தைக் கால்ல பாடினேனே.

டார்யா: மறுநாள் அங்க பொண்ணுங்களெல்லாம் ஒத்தைச் செருப்போட வந்தாங்க.

லெஸ்யா: பைத்தியங்க. என் பேருல வாசனைத் தண்ணி கூட விட்டாங்க. நாயைக் குளிப்பாட்டின மாதிரி ஒரு வாசம்.

டார்யா: அம்மா அதைத் திரைச்சீலைக்கு அடிச்சாங்க, பூச்சி வராம இருக்க.

லெஸ்யா: வரலயே! நல்ல மருந்து... நம்ம குடும்பப் பேரை ஹ்ரின்சுக்னு சொல்ல, ரெக்கார்டு போட்ட அந்த லயனலுக்கு நாக்கு சுளுக்கிக்கிச்சு. அதுக்காக லெஸ்யா ஹ்ரின்சுக் போயி லெஸ்லி ஹார்ட் ஆனா. அப்பா என்ன சொன்னாரு தெரியுமா? 'பேரைக் குடுத்துட்டே, பல்லையாவது வெச்சுக்கோ.' பல்லையும் மாத்திட்டாங்க.

டார்யா: பேசாதேன்னு எத்தனை தரம் சொல்றது?

லெஸ்யா: கிசுகிசுன்னுதானே பேசறேன். அப்புறம் ராண்டல். ட்ரம்ஸ்காரனைக் கட்டினா வீட்டுலயும் தூக்கம் இருக்காதுன்னு நீ மட்டும்தான் சொன்னே.

டார்யா: நீ கேக்கலயே.

லெஸ்யா: கேட்டிருந்தா பாட்டு மூணு குறைஞ்சிருக்கும். அவன் போனப்புறம் எழுதினதுதான் கொஞ்சமாச்சும் உருப்படி. அதை யாரு கேட்டா? எங்க போனாலும், 'அந்தப் பாட்டு பாடுவீங்கல்ல?' பல் டாக்டர் கேக்கறான். பாஸ்போர்ட் பாக்கறவன் கேக்கறான். அம்மாவை அடக்கம் பண்ணின அன்னிக்கு சவப்பெட்டிக்காரர் கேட்டாரு டார்யா... மெதுவா, ரொம்ப மரியாதையா. 'அந்த ஒரு எடம் மட்டும்'னு.

டார்யா: எனக்குத் தெரியாதே. நீ என்ன சொன்னே?

லெஸ்யா: பாடினேன். குழிக்குப் பக்கத்துல பனியில நின்னு. அன்னிலேருந்துதான் இந்தத் தொண்டை இப்படி.

டார்யா: ஏன்க்கா? எதுக்கு அப்படி? சுதியை இறக்குன்னு பேண்டுல எல்லாரும் கெஞ்சினாங்க. அரைக் கட்டை இறக்கினா போதும். நீ ஒத்துக்கல. ஜுரத்துல கத்தினே, கப்பல்ல வாந்தி எடுத்துட்டு வந்து கத்தினே. அந்த ஒரு எடத்துக்காக உன்னையே அறுத்துப் போட்டுட்டே.

லெஸ்யா: ரெக்கார்டுல எங்க இருக்கோ அங்கதான் பாடணும்.

டார்யா: ரெக்கார்டு ரெக்கார்டுன்னு! அந்த ரெக்கார்டு... அக்கா, அது வந்து...

லெஸ்யா: சொல்லு.

டார்யா: அன்னிக்கு ஸ்டூடியோவுல...

லெஸ்யா: அன்னிக்கு எனக்கு ஜுரம். கொதிச்சுது. லயனல் என்னை ஹோட்டலுக்கு அனுப்பிட்டாரு. நான் தூங்கி எழுந்தப்ப பாட்டு முடிஞ்சிருந்துச்சு.

டார்யா: நீ... நீ போறதுக்கு முன்னாடியே பாடி முடிச்சுட்டியே. அவரு ஒட்டறது வெட்டறதுதான் பாக்கின்னாரு.

லெஸ்யா: ஆமா. அப்படித்தான் சொன்னாரு. நீ என்ன சொல்ல வந்தே?

டார்யா: அதான்... அன்னிக்கே ஜுரத்துல பாட வெச்சிருக்கக் கூடாது. அதைச் சொல்ல வந்தேன்.

லெஸ்யா: ம்.

டார்யா: என்ன ம்?

லெஸ்யா: அலுப்பு. வேறென்ன? ஆமா, அந்த வருஷம் உனக்கு வின்னிபெக்குல பள்ளிக்கூடத்துல பாட்டு டீச்சர் வேலை வந்துச்சே, ஏன் போகல?

டார்யா: இப்ப எதுக்கு அது?

லெஸ்யா: சும்மா. பெட்டியெல்லாம் கட்டி வெச்சிருந்தே. பாட்டு ரேடியோவுல வந்துச்சு, நீ பெட்டியைப் பிரிச்சுட்டே. பின்பாட்டு பாட என் முதுகுக்குப் பின்னால வந்து நின்னே. இன்னிக்கு வரைக்கும் அங்கேயே நிக்கறே.

டார்யா: நீ தனியாக் கஷ்டப்படுவேன்னு...

லெஸ்யா: டேவிட் கூட உன்னைக் கூப்பிட்டான். நல்ல பையன். அவனையும் விட்டே.

டார்யா: அவன் குறட்டை விடுவான்.

லெஸ்யா: எப்படித் தெரியும் உனக்கு?

டார்யா: அக்கா!

லெஸ்யா: சிரி, சிரி. உன் சிரிப்பைக் கேட்டு நாளாச்சு... இங்க வா. கிட்ட வா. எனக்குக் குரல் எழும்பல, காதுகிட்ட சொல்றேன். இன்னிக்கு அந்த எடம் நான் பாடல.

டார்யா: அப்பாடா. கடவுளே... நிஜமாவா? கோர்டிகிட்ட சொல்லிடறேன், பாட்டையே எடுத்துடலாம்னு.

லெஸ்யா: எடுக்கக் கூடாது. நீ பாடு.

டார்யா: நானா?

லெஸ்யா: நீதான். பின்னால இருட்டுல நின்னு இல்ல. முன்னால வந்து. விளக்கு உன் மேல.

டார்யா: விளையாடாதே. என்னால முடியாது.

லெஸ்யா: உனக்கு அந்த எடம் எட்டும். எனக்குத் தெரியும்.

டார்யா: எட்டறது வேற. அவங்க உன்னைப் பாக்க வராங்க.

லெஸ்யா: என்னைப் பாக்கட்டும். நான் பக்கத்துல நிக்கறேன். கையைக் கூடப் புடிச்சுக்கறேன்.

டார்யா: அந்த ரெக்கார்டைத் தேயத் தேயக் கேட்டவங்க அக்கா. கல்யாணத்துக்குப் போட்டவங்க, சாவுக்குப் போட்டவங்க. ஒவ்வொரு மூச்சும் அவங்களுக்கு மனப்பாடம். குரல் மாறியிருக்குன்னு ஒரு நொடியில கண்டுபிடிச்சுட மாட்டாங்களா?

லெஸ்யா: எப்படிக் கண்டுபிடிப்பாங்க? அந்த எடத்துல அவங்க கேட்டதே உன் குரல்தானே... உக்காரு. எனக்கு ஜுரம்தான் வந்துச்சுடி, காது போகல. அப்பா கார்ல போறப்ப முதல் தடவையா ரேடியோவுல வந்துச்சு. அந்த எடம் வந்ததுமே தெரிஞ்சுது. அப்பாவுக்கும் தெரிஞ்சுது. கண்ணாடியில என்னைப் பாத்தாரு, ஒண்ணும் சொல்லாம ஓட்டினாரு. நீயா வந்து சொல்லுவேன்னு இருந்தேன். நீ சொல்லல, எனக்கும் கேக்க வாய் வரல. கேட்டா என்கிட்ட என்ன மிஞ்சியிருக்கும்? அதான் ஊர் ஊராப் போய்க் கத்தினேன், ஒரு நாளாவது அது என்னோடதா ஆயிடாதான்னு... ஆகல டார்யா. இன்னிக்கு நீ பாடு. நான் சும்மா நின்னு கேக்கறேன்.