போளிக்குப் பாயசம் கேட்டவன் பேசுகிறேன்

அவைக்குத் தலைமை தாங்கும், அன்பில் குறையாத கிருஷ்ணன்குட்டி அவர்களே! முன்வரிசையை முந்திப் பிடித்திருக்கும் மூத்தோரே! பொறுமையிற் பெரிய தாய்மார்களே! மதிலோரம் பைக்கில் சாய்ந்து மணி பார்க்கும் இளங்காளைகளே! விடுதலையாகி வந்த இந்த ராஜதாஸின் வணக்கம் உங்கள் எல்லோருக்கும் உண்டு, பாகுபாடில்லாமல் உண்டு!

நான்காண்டுகள் நான் மைக்கைத் தொடவில்லை. ஆகையால் சுருக்கமாகப் பேசுவேன் என்று யாரும் ஆசைப்பட வேண்டாம்.

என்ன குற்றம் செய்தேன்? பாலராமபுரத்தில் ஒரு துணிக்கடையில் பட்டப்பகலில் கொள்ளை. ஓடியவனுக்கு மீசை இருந்ததாம். எனக்கும் மீசை உண்டு. போதாதா? பிடித்தார்கள், அடைத்தார்கள். அந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன்? காட்டாக்கடையில், என் தங்கை மகள் ஜெஸ்மியின் கல்யாணப் பந்தியில்! இலையில் போளி விழுந்தது. போளிமேல் பாயசம் விழுந்ததா? விழவில்லை! பாயசம் இல்லாத போளி ஒரு போளியா? கேட்டேன். கேட்டது சண்டையானது. சண்டையில் பாயச வாளி மாப்பிள்ளையின் அப்பா சட்டைமேல் கவிழ்ந்தது.

எலே பிஜு, சிரிக்காதடே! நல்ல சூடு பாயசமாக்கும்.

பந்தியே பார்த்தது. பார்த்தவர்களில் ஒருவராவது கோர்ட்டில் சொன்னாரா? என் மச்சான், ஜெஸ்மியின் அப்பா செல்லசாமி கூண்டில் ஏறினார். "எங்க கல்யாணத்துல சண்டையா? நல்ல கதை! ராஜதாசு அன்னைக்கு வரவேயில்ல" என்று சத்தியம் செய்தார். சம்பந்தி வீட்டார் எதிரே உட்கார்ந்திருந்தார்கள் அல்லவா? பந்திச் சண்டை கோர்ட்டேறி இரண்டு குடும்பத்துக்கும் நாணக்கேடு வரக் கூடாது அல்லவா? நாணக்கேடு தப்பியது. நான் தப்பவில்லை.

முதல் மாதம் முழுக்க அழுதேன், மறைக்க மாட்டேன். என்னைத் தேற்றியவன் பூவார்ப் படகோட்டி ஷிஜு, என் பக்கத்துப் பாயில் படுத்தவன். ஜெயில் அடுக்களையில் சப்பாத்தி சுடும் வேலை எங்களுக்கு. கல்லில் போடும் ஒவ்வொன்றுக்கும் என் பந்திக்காரர் ஒருவரின் பெயர் வைப்பான். "அண்ணே, இது விஜயம்மா அக்கா. இது உங்க மச்சான். யாரு உப்புறாங்களோ, அவங்க சாட்சிக்கு வருவாங்க!" மச்சான் ஒருநாளும் உப்பவில்லை. சிரித்தோம். வார்டன் முறைக்க முறைக்கச் சிரித்தோம். "நூறு பேரு பாத்ததாக்கும், அண்ணே. எல்லாரும் எப்பவும் வாய மூடிட்டு இருக்க முடியுமா?" என்பான். சுவர் உயரமா? உயரம்தான். கம்பி கனமா? கனம்தான். ஆனாலும் அவன் சொன்ன அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் உயிரோடு இருந்தேன்.

வந்தாள் ஜெஸ்மி! கல்யாணம் முடிந்ததும் கல்ஃப் போனவள். வீட்டார் மறைத்த என் ஜெயில் கதையை லீவில் வந்தபோதுதான் அறிந்தாள். மறுநாளே வக்கீலைக் கண்டாள். ஹைகோர்ட்டில் நிமிர்ந்து நின்றாள். "மாமன் வந்தாரு. பாயசத்துக்குச் சண்டையும் போட்டாரு. மாமனாருக்க சட்டைய நான்தான் அலக்கினேன்" என்றாள். மாமனாரும் எழுந்து, "கறை இன்னும் போகல்ல" என்றார். நான் வெளியே வந்தேன்!

ஆனால் ஷிஜு? ஷிஜு இன்னும் உள்ளே இருக்கிறான், என் உறவுகளே! பூவாரில் ஒரு விடுதியில் நகை திருடினான் என்று அவன்மேல் வழக்கு. அந்த நேரத்தில் அவன் நெய்யாறு கடலில் சேரும் பொழியில் படகு ஓட்டிக்கொண்டிருந்தான். படகில் யார்? நம் ஊர்ப் பெண்கள்! வீட்டில் ஜெபக்கூட்டம் என்று சொல்லிவிட்டுப் படகேறிய பெண்கள்! படகில் பாடிய பாட்டுக்கு நடுவே அவர்களே அவனிடம் சிரித்துச் சொன்னது அது; பெயர் அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அடுத்த வாரம் அவன் அப்பீல். தாய்மார்களே, படகேறியது பாவமா? இல்லை! பாட்டுப் பாடியது பாவமா? இல்லை! வீட்டில் நாலு பேச்சுக் கேட்போமே என்று பயந்து, பெற்ற பிள்ளை போன்றவனைச் சிறையில் விடுவது? அது பாவமா, இல்லையா? சொல்லுங்கள்!

யார் அங்கே எழுவது? மாதர் சங்கச் செயலாளர் சுகிர்தபாய் அக்காவா? மைக்கைக் கொடுங்கடே! பேசுங்கக்கா, பயப்படாதீங்க!

"நான் அந்தப் படகுல இருந்தேன். கோர்ட்டுக்கு வாறேன். எங்க வீட்டுக்காரரு பின்னாலதான் இருக்காரு, அவரும் கேட்டாச்சு!"

கேட்டீர்களா, மக்கா! கேட்டீர்களா! அந்த வீட்டுக்காரருக்கு யாராவது ஒரு சோடா கொடுங்கள். எழுந்து நின்ற அக்காவுக்கு என் நன்றி! இனி எழப்போகும் மற்ற அக்காமார் அத்தனை பேருக்கும் என் வணக்கம்!