பாலத்தருகே கிடக்கும் பதினொருவர்

மாட்சிமை பொருந்திய அக்கிராசனாதிபதி சீனிவாசராகவன் அவர்களே, அல்சூர்ப் பெரியோர்களே, பெஞ்சு போதாமல் நின்றுகொண்டிருக்கும் தாய்மார்களே, அவர்களுக்கு இடம் விடாமல் உட்கார்ந்திருக்கும் அருமை நண்பர்களே! கஸ்தூரிரங்கனின் பணிவான வணக்கம்.

இதோ, இந்த மேசைமேல் இருப்பது என்ன? போர்முனையில் பாலம் கட்டும் சாப்பர் படையிலிருந்து திரும்பி வந்த நம் மதலைமுத்து களிமண்ணாலும் தீக்குச்சியாலும் சமைத்த போர்க்களம்! மெசபொடேமியாவில், குண்டுமழையில், நம்மவர் கட்டிய படகுப்பாலம்! சாண் நீளப் படகு, அதில் எள்ளளவு ஆணி, அந்த ஆணிக்கும் ஒரு தலை! என்ன கை ஐயா அது! பார்த்துப் பார்த்துக் கண் வலித்ததே தவிர எனக்கு ஆசை அடங்கவில்லை.

ஆனால் பாலத்தருகே பதினோரு பேர் செத்துக் கிடக்கிறார்கள். வெற்றிக் கண்காட்சியில் பிணம் எதற்கு, எடுத்துவிடு என்கிறது நமது கமிட்டி. அவர்களை எடுத்தால் பாலத்தையும் எடுத்துக்கொண்டு போய்விடுவேன் என்கிறார் மதலைமுத்து. நாளைக் காலை கண்காட்சி திறக்கிறது. இன்றே முடிவு சொல்லியாக வேண்டும்.

நேற்று அலங்கார வேலைக்கு வந்த என் மனைவி பாகீரதி, ஆண்டுதோறும் கொலு வைத்துப் பழகியவள், சாய்ந்து கிடந்த பொம்மைகளைக் கண்டாள். வண்டியில் வரும்போது விழுந்திருக்கும் என்று பதினொன்றையும் அக்கறையாய் நிமிர்த்தி வைத்துவிட்டாள்! சிரியுங்கள், சிரியுங்கள், இன்று எனக்கு வீட்டில் சோறு கிடையாது. மதலைமுத்து வந்தார். கோபிக்கவில்லை. ஒவ்வொருவராய்ப் படுக்க வைத்தார்.

"விழுந்துடுத்துன்னு நெனச்சேன்ப்பா" என்றாள் இவள்.

"விழுந்தவங்கதாம்மா. நான் பக்கத்துலயே இருந்தேன். எழுந்திருக்கல."

என்ன ஐயா, பின்வரிசையில்? குழந்தைகள் பயப்படுமா? ரத்தம் தெளித்திருக்கிறாரா? குடலைக் காட்டியிருக்கிறாரா? படுத்திருக்கிறார்கள், அவ்வளவே! பேண்டு வாத்தியம் முழங்க இவர்களை ரயிலேற்றினோமே, அன்று நமக்குப் பயம் வந்ததா? போனதைக் காட்டலாம், பாலத்தைக் காட்டலாம், வென்றதைக் காட்டலாம். விலையை மட்டும் மறைக்க வேண்டுமா?

இன்று காலை ஜீவனஹள்ளி பிரிஜெட் அம்மாள் வந்தார். அவருடைய கணவர் ரெமிஜியஸ் அந்தப் பாலத்தில் உயிர் விட்டவர். உடல் வரவில்லை, வந்தது ஒரு தந்தி மட்டுமே. கல்லறைத் திருநாளில் ஊரே கல்லறைகளில் மெழுகுவத்தி ஏற்றும்போது, ஏற்ற ஓர் இடமில்லாமல் வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்.

"எங்க வூட்டுக்காரரு இதுல இருக்காராப்பா?"

மதலைமுத்து தண்ணீரோரத்தில் ஒருவரைத் தொட்டுக் காட்டினார்.

"கால்ல சுத்துற பட்டி அவுந்திருக்கே?"

"அவருக்கு அத ஒழுங்கா கட்டவே வராதும்மா."

அந்த அம்மாள் சிரித்தார், சபையோரே! சிரித்து, பிறகு அழுதார். நானும் அழுதேன், சொல்ல வெட்கமில்லை. சிங்காரச் சிலைகள் ஆயிரம் கண்டிருக்கிறேன். ஒரு மனைவிக்குத் தன் கணவனை அடையாளம் காட்டிய கைவேலையை இன்றுதான் கண்டேன்!

அகற்ற வேண்டும் என்போர் மேடையேறி வாருங்கள். பிரிஜெட் அம்மாள் முதல் வரிசையில் இருக்கிறார். அவர் கண்ணெதிரே, உங்கள் கையால், ரெமிஜியஸை எடுங்கள்!

ஏன், ஒருவரும் எழவில்லையே? அக்கிராசனாதிபதி அவர்களே, தாங்களும் எழவில்லையே? அப்படியானால் தீர்மானம் முடிந்தது!

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி. எனக்குச் சொல்ல வேண்டிய வணக்கத்தை, போகும்போது இந்த மேசையருகே நின்று, பதினொருவருக்கும் சொல்லிவிட்டுப் போங்கள்.