குலதெய்வத்தின் பேரில் ஒரு பாஸ்வேர்டு

"சாமி பேரை மாத்தச் சொன்னதுக்கா கண்ணு உன்னைய வேலைய உட்டு நிறுத்திப்போட்டாங்க?"

அன்னூரிலிருந்து காந்திபுரம் போகும் பேருந்தில், என் முன்னிருக்கையில் இருந்த நடுத்தர வயதுப் பெண் கேட்டார். பக்கத்தில், மடியில் ஃபைலுடன் ஓர் இளம்பெண்.

"கணபதியில பம்பு பட்டறைங்க்கா. பில்லு போடத்தான் எடுத்தாங்க. எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஓனரோட குலதெய்வம் பேருதான் பாஸ்வேர்டு. மாத்திப்போடலாமுங்கன்னு சொன்னேன். 'சாமிய எடுத்தா குத்தமாயிரும் அம்மணி'ன்னுட்டாரு."

"அப்பறம்?"

"போன மாசம் எவனோ அந்தப் பேரையே போட்டு உள்ள பூந்து எல்லா ஃபைலையும் பூட்டிப்போட்டானுங்க. 'சைபர் செக்யூரிட்டி படிச்சவ நீ இருந்தும் என்ன பிரயோசனம்'னு என்னைய அனுப்பிச்சுட்டாரு."

"அந்தப் படிப்புக்கு ஆளே கெடைக்கறதில்லைன்னு பேப்பர்ல போடறாங்களே?"

"அனுபவம் இருக்கற ஆளு கெடைக்கறதில்லைங்க. இன்னைக்கு இன்டர்வியூ போற எடத்துலயும் அதைத்தான் கேப்பாங்க."

"ஒரு வருசம் அங்க இருந்தியே, அதைச் சொல்லு."

"சொன்னா அவருக்குத்தானுங்க்கா ஃபோன் பண்ணி விசாரிப்பாங்க."

அந்தப் பட்டறை இருக்கும் கணபதி நிறுத்தத்தில் பேருந்து நின்றது. ஜன்னலோரம் இருந்த இளம்பெண் முகத்தை உள்பக்கம் திருப்பிக்கொண்டாள்.